சம்மர் டயரோடு குளிர்காலத்தைத் தாண்ட முடியுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

குளிர் ஆரம்பித்துவிட்டது, இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருக்கின்றன. ஸ்போர்ட்ஸ் காரோடு வந்த பெர்ஃபார்மன்ஸ் சம்மர் டயரைக் கழற்றாமலே குளிர்காலத்தை ஓட்டிவிடலாமா என்பதுதான் அது. அதனால் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: என் காரில் 19 இன்ச் பெர்ஃபார்மன்ஸ் சம்மர் டயர் இருக்கிறது. போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை, பட்டன் (ரோட்டில் படும் ரப்பர் கட்டைகள்) தேயாமல் அப்படியே இருக்கிறது. கார் ஃபோர் வீல் டிரைவ். நான் இருக்கும் இடத்தில் பனி விழுவதே சில நாட்கள்தான், விழுந்தாலும் ரோட்டைச் சீக்கிரம் சுத்தம் செய்துவிடுவார்கள். நிதானமாக ஓட்டினால் போதும்தானே, இன்னொரு செட் டயர் வாங்கியே ஆக வேண்டுமா?

பதில்: வாங்கத்தான் வேண்டும். பட்டன் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதோ நீங்கள் எவ்வளவு நிதானமான ஆள் என்பதோ இங்கே பேச்சில்லை. அந்த டயரின் ரப்பர் எந்த வெப்பத்தில் வேலை செய்வதற்காகக் கலக்கப்பட்டது என்பதுதான் பேச்சு.

டயர் ரோட்டைப் பிடிப்பது ரப்பர் வளைந்து கொடுப்பதால். ரோட்டின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் இருக்கின்றன, மென்மையான ரப்பர் அவற்றுக்குள் அழுந்தி இறங்கிப் பற்றிக்கொள்கிறது. எந்த ரப்பர் கலவையாக இருந்தாலும் குளிரக் குளிர இறுகும், ஒரு கட்டத்துக்குக் கீழே போனால் கண்ணாடி மாதிரி விறைத்துவிடும். அந்தக் கட்டம் எங்கே வர வேண்டும் என்பதை டயர் தயாரிப்பவர்கள் கலவையை மாற்றி முடிவு செய்கிறார்கள். விண்டர் டயரில் அதை மிகவும் கீழே தள்ளி வைப்பார்கள். பெர்ஃபார்மன்ஸ் சம்மர் டயரில் மேலே வைப்பார்கள், ஏனென்றால் சூடான ரோட்டில் வேகமாக வளைவில் திரும்பும்போதும் மழை ஈரத்தில் பிரேக் அடிக்கும்போதும் கிடைக்கும் அந்த அபாரமான பிடிமானத்துக்கு அப்படிப்பட்ட கலவைதான் வேண்டும். ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க முடியும்.

7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் டயரை மாற்றுங்கள் என்று எல்லோரும் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது ஒரு உத்தேசக் கணக்கு. 8 டிகிரியில் பிடித்த டயர் 6 டிகிரியில் சட்டென்று விட்டுவிடாது. இன்னும் சொல்லப்போனால் காய்ந்த ரோட்டில் 5 டிகிரியில் ஒரு சாதாரண சம்மர் டயர் விண்டர் டயரைவிடக் குறைந்த தூரத்தில் நிற்பதும் உண்டு. ஆனால் உங்கள் காரில் இருப்பது சாதாரண சம்மர் டயர் இல்லை, பெர்ஃபார்மன்ஸ் ரகம், அதிலும் பந்தயத் தளத்துக்கு நெருக்கமான ரகமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். பூஜ்யத்தை நெருங்கும்போதே அது பிளாஸ்டிக் போல ஆகிவிடும். பனி ஒரு துளிகூட இல்லாத, வெயில் அடிக்கிற, காய்ந்த காலை நேரத்தில், பக்கத்துச் சாலையிலிருந்து மெயின் ரோட்டுக்குத் திரும்பும்போது ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தினாலே பின்பக்கம் வெளியே போய்விடுகிறது என்று சக்தி வாய்ந்த ரியர் வீல் டிரைவ் கார் வைத்திருப்பவர்கள் சொல்வது இதனால்தான். எங்கள் ஊரில் பனி குறைவு என்று நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன், ஆனால் ஆபத்து பனி விழுவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது, அப்போது அதை எச்சரிக்கக் கண்ணில் படும் எதுவும் இருக்காது.

கொஞ்ச தூரம் ஓட்டினால் டயர் சூடேறிவிடாதா என்று அடுத்து கேட்பீர்கள். நன்றாக விரட்டி ஓட்டினால்தான் ஏறும். குளிர்ந்த டயரில் விரட்டி ஓட்ட முடியாது, நிதானமாக ஓட்டினால் டயர் சூடாகாது.

இனி பனி. விண்டர் டயரின் பட்டன் கட்டைகளில் மெல்லிய வெட்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும், கார் நகரும்போது அவை விரிந்து மூடிப் பனியைக் கவ்வும். கவ்விய பனி டயரிலேயே தங்க, அது கீழே இருக்கும் பனியோடு ஒட்டிப் பிடிக்கும். சம்மர் டயரில் அந்த வெட்டுகள் அநேகமாக இல்லை. நீளவாக்கில் ஓடும் பெரிய பள்ளங்கள் தண்ணீரை வெளியேற்றச் செய்தவை, பனியில் அவை அடைத்துக்கொண்டு டயர் ஒரு வழவழப்பான உருளையாகிவிடும். அதோடு உங்களுடையது அகலமான டயர், அகலம் கூடினால் எடை பரவி, பனிக்குழம்பின் மேல் மிதக்கும்.

கணக்காகவே சொல்கிறேன். மணிக்கு 50 கிமீ வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். காய்ந்த, சூடான ரோட்டில் உராய்வு எண்ணை (டயர் ரோட்டை எவ்வளவு பிடிக்கிறது என்பதன் அளவு) 0.8 என்று வைத்தால், பிரேக் அழுத்திய இடத்திலிருந்து சுமார் 12 மீட்டரில் நின்றுவிடுவீர்கள். இறுகிய பனியில் நல்ல விண்டர் டயருக்கு 0.3 என்று வைத்தால் 33 மீட்டர். அதே பனியில் சம்மர் டயருக்கு 0.15 என்று வைத்தால் 65 மீட்டரைத் தாண்டும். விண்டர் டயர் போட்ட கார் முழுதாக நின்றுவிட்ட அந்த 33 மீட்டர் புள்ளியில் உங்கள் கார் இன்னும் மணிக்கு 35 கிமீ வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அங்கே ஒரு குழந்தை ரோட்டைக் கடந்துகொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதை யோசியுங்கள்.

ஃபோர் வீல் டிரைவ் இதில் எதையும் மாற்றாது. அது இன்ஜின் சக்தியை நான்கு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். பிரேக் எல்லா காரிலும் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. சொல்லப்போனால் ஃபோர் வீல் டிரைவ் கொஞ்சம் ஏமாற்றவும் செய்யும்: கிளம்பும்போது வழுக்காமல் கிளம்பிவிடுவதால் ரோடு பரவாயில்லை என்று மனசு நம்பிவிடுகிறது, வேகம் ஏறிவிடுகிறது, முதல் வளைவிலோ முதல் பிரேக்கிலோதான் உண்மை தெரிகிறது. பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், கார் சுழலாமல் பார்த்துக்கொள்ளும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் எல்லாமும் அப்படித்தான். இருக்கிற பிடிமானத்தைச் சரியாகப் பங்கிட்டுக் கொடுக்கும், இல்லாததை உண்டாக்காது.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு செட் வைத்திருந்தால் ஒன்று ஓடும்போது மற்றது தேயாது. ரிம் இன்னொரு செட்டும் மாற்றும் கூலியும் கூடுதல் செலவுதான், ஆனால் டயருக்குப் போட்ட பணம் பெரும்பாலும் அந்த டயர்கள் அதிக நாள் உழைப்பதில் திரும்பிவிடும்.

கேள்வி: பெர்ஃபார்மன்ஸ் சம்மர் டயர் போட்ட என் காரைக் குளிர்காலத்தில் எடுக்கவே போவதில்லை, வெளியே திறந்தவெளியில் சும்மா நிறுத்தி வைத்திருப்பேன். இரவில் மைனஸ் 10 வரை போகும். ஓட்டாத காருக்கு எந்த டயர் இருந்தால் என்ன?

பதில்: ஓட்டாமல் இருக்கும்வரை சரி. நகர்த்தும்போதுதான் சிக்கல். பெர்ஃபார்மன்ஸ் சம்மர் டயரின் ரப்பர் கடுங்குளிரில் விறைத்திருக்கும்போது சக்கரம் உருண்டால், அதாவது ரப்பர் வளைய நேர்ந்தால், பட்டனின் அடியில் விரிசல் விடலாம், கட்டையாகப் பெயர்ந்தும் வரலாம். இது கற்பனை பயம் இல்லை, தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். உதாரணமாக மிஷலின் தன் பெர்ஃபார்மன்ஸ் டயர்களுக்குச் சொல்வது: மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த டயரைக் குறைந்தது 24 மணி நேரம் 5 டிகிரி அளவுக்கு மேல் மெதுவாகச் சூடேறவிட்ட பிறகுதான் காரில் மாட்டவோ காரை நகர்த்தவோ வேண்டும். அவசரப்பட்டு ஹீட்டர் காற்றை நேராக டயர்மேல் அடிப்பதும் கூடாது.

அதனால் மற்றொரு வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று ஒரு விடியற்காலையில் காரை நாலடி பின்னால் எடுப்பதுகூட வேண்டாம். விரிசல் விட்ட டயரை ஒட்டு போட முடியாது, வாரன்டியிலும் பெரும்பாலும் வராது, மாற்றித்தான் ஆக வேண்டும். உள்ளே நிறுத்த இடம் இருந்தால் உள்ளே நிறுத்துங்கள், இல்லையென்றால் ஒரு பழைய விண்டர் டயர் செட்டைப் போட்டு நிறுத்துங்கள்.

கேள்வி: ஃப்ரன்ட் வீல் டிரைவ் காருக்கு முன்னால் இரண்டு மட்டும் விண்டர் டயர் போட்டால் போதும், இழுப்பது அதுதானே என்று நண்பர் சொல்கிறார். பாதிச் செலவு மிச்சம்.

பதில்: வேண்டவே வேண்டாம். நான்கிலும் சம்மர் டயர் இருப்பதைவிட இது சில நேரங்களில் மோசம். முன்பக்கம் ரோட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பும், பிரேக் பிடிக்கும், பின்பக்கம் எதையும் பிடிக்காமல் முந்திக்கொண்டு வரப் பார்க்கும், கார் சுழன்றுவிடும். முன்பக்கம் வழுக்கினால் காலை எடுத்தாவது சமாளிக்கலாம், பின்பக்கம் சுழன்றால் பழகிய டிரைவருக்கே கஷ்டம். நான்கும் ஒரே ரகம், முடிந்தால் ஒரே மாடல்.

கேள்வி: நேற்றுவரை வெயில், திடீரென்று பனி. சம்மர் டயரோடு ஆபீசில் மாட்டிக்கொண்டேன், வீடு 40 கிமீ தூரம். இந்த மாதிரி நேரத்தில் என்னதான் செய்வது?

பதில்: முதல் பதில், காரை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸிலோ ரயிலிலோ வேறொருவர் காரிலோ போவது. இதைப் பலர் ஒரு யோசனையாகவே எடுத்துக்கொள்வதில்லை. ஒரு இரவு ஆபீஸ் பார்க்கிங்கில் கார் நின்றால் எதுவும் குடிமுழுகிப் போகாது. நீங்கள் நன்றாக ஓட்டுவீர்கள் என்றே வைத்துக்கொண்டாலும் ஏற்றத்தில் உங்கள் கார் நின்றுவிட்டால் பின்னால் வருகிற ஆம்புலன்ஸும் அங்கேயே நிற்கும்.

ஏற்கெனவே ரோட்டில் இருக்கிறீர்கள், வேறு வழியில்லை என்றால் சொல்கிறேன். வேகத்தைக் குறையுங்கள், நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகக் குறையுங்கள். வேகம் பாதியானால் பிரேக் பிடித்த பிறகு நிற்கும் தூரம் கால்வாசியாகும், உங்கள் கையில் இருக்கும் ஒரே பெரிய ஆயுதம் இதுதான். குரூஸ் கன்ட்ரோலை அணைத்துவிடுங்கள். முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் நடுவே, பின்னால் வருபவர் ஹாரன் அடித்தாலும் பரவாயில்லை, நிறைய இடம் விடுங்கள். ஒரே நேரத்தில் ஒரே வேலைதான்: பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்து முடித்த பிறகு ஸ்டியரிங்கைத் திருப்புங்கள், கார் நேராகிய பிறகு ஆக்ஸிலரேட்டர். எல்லாமே மெதுவாக, உலுக்கல் இல்லாமல். மேனுவல் கியர் என்றால் இரண்டாவது கியரில் கிளம்புங்கள், ஆட்டோமேட்டிக்கில் ஸ்னோ மோட் இருந்தால் போடுங்கள்.

ஏற்றத்தில் முன்னால் போகும் கார் மேலே போய்ச் சேரும்வரை கீழேயே காத்திருந்துவிட்டு, ஒரே சீரான வேகத்தில் நடுவில் நிற்காமல் ஏறுங்கள். இறக்கம் அதைவிடப் பொல்லாதது, ஏறாத கார் நின்றுவிடும், இறங்குகிற கார் நிற்காது. இறங்க ஆரம்பிக்கும் முன்பே கியரைக் குறைத்து நடை வேகத்துக்கு வந்துவிடுங்கள், இறக்கம் செங்குத்தாகத் தெரிந்தால் சுற்றுவழியாக வேறு ரோட்டில் போங்கள். பாலங்கள் ரோட்டுக்கு முன்பே உறைந்துவிடும், கீழேயும் குளிர்ந்த காற்று படுகிறதல்லவா. வெப்பம் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும்போது ஐஸின் மேல் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும், அப்போது அது மைனஸ் 15-ல் இருப்பதைவிட அதிகமாக வழுக்கும். குளிர் குறைந்துவிட்டது என்று நிம்மதி அடைய வேண்டாம்.

முன்பக்கம் வழுக்கி, ஸ்டியரிங் திருப்பியும் கார் நேராகப் போனால் இன்னும் திருப்பாதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் நேராக்கி, டயர் மறுபடி பிடிக்கும்வரை விடுங்கள். பின்பக்கம் போனால் நீங்கள் போக விரும்பும் திசையைப் பார்த்து, அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்புங்கள், பிரேக்கைப் போட்டு மிதிக்காதீர்கள். நேராகப் போய் எதிலோ இடிக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் ஏபிஎஸ் உள்ள காரில் பிரேக்கை முழுசாக அழுத்தி, காலை எடுக்காமல், ஸ்டியரிங்கால் விலகப் பாருங்கள். பெடல் காலுக்கடியில் துடிக்கும், அது ஏபிஎஸ் வேலை செய்வது, பயந்து காலை எடுத்துவிடாதீர்கள்.

டயரில் காற்றைக் குறைத்தால் பனியில் பிடிக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், குறைந்த காற்றோடு வீடுவரை ஓட்டினால் டயரும் ரிம்மும் கெடும். டயரைச் சுற்றி மாட்டும் பனிச் செயின் நல்ல யோசனைதான், ஆனால் பக்கச்சுவர் குட்டையான லோ புரொஃபைல் டயரில் செயினுக்கும் உள்ளே இருக்கும் பாகங்களுக்கும் நடுவே இடம் இல்லாமல் போகலாம், உங்கள் அளவுக்கு அனுமதி உண்டா என்று கார் மேனுவலில் பார்த்துவிட்டு வாங்குங்கள். துணியால் செய்த உறை மாதிரியான சாக்ஸும் கிடைக்கிறது, டிக்கியில் ஒன்று கிடந்தால் அவசரத்துக்கு உதவும்.

இன்னொன்று, இது உயிர் சம்பந்தப்பட்டது. பனியில் சிக்கி, இன்ஜினை ஓடவிட்டு ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருக்க நேர்ந்தால் சைலன்சர் வாயை மூடியிருக்கும் பனியை முதலில் அள்ளி எடுங்கள், அடிக்கடி இறங்கிப் பாருங்கள். அடைத்தால் கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயு உள்ளே வரும், அதற்கு வாசனையே கிடையாது.

கேள்வி: விண்டர் டயர் வாங்க முடிவு செய்துவிட்டேன். ஆனால் கடையில் ஆல் சீசன், எம் ப்ளஸ் எஸ் என்று என்னென்னவோ சொல்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது? அளவும் அதே 19 இன்ச்தானா?

பதில்: டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் பனித்துகள் படமும் இருக்கிறதா பாருங்கள். அந்த முத்திரை, பனியில் ஒரு ஒப்பீட்டு டயரோடு சோதித்து, நிர்ணயித்த அளவு கூடுதல் பிடிமானம் காட்டிய டயருக்குத்தான் கிடைக்கும். எம் ப்ளஸ் எஸ் (M+S, சேறும் பனியும் என்பதன் சுருக்கம்) என்ற எழுத்துகள் அப்படி இல்லை, பட்டன் வடிவத்தை வைத்துத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளலாம், எந்தப் பனிச் சோதனையும் கட்டாயமில்லை. அதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம்.

ஆல் சீசன் என்பது ஒரு சமரசம். மலை முத்திரை உள்ள ஆல் சீசன் டயர், குளிர் கடுமையாக இல்லாத இடத்தில், சாதாரணக் குடும்பக் காருக்கு நியாயமான தேர்வு. மாதக்கணக்கில் பனியும் ஐஸும் கிடக்கும் இடத்தில் விண்டர் டயர்தான்.

அளவைப் பொறுத்தவரை, சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் பாகமான காலிப்பர் இடம் கொடுத்தால் 18 இன்ச் ரிம், முடிந்தால் 17-க்கு இறங்குங்கள், அகலத்தையும் குறையுங்கள். ஒடுக்கமான டயர் பனிக்குழம்பை வெட்டிக்கொண்டு கீழே இறங்கும், உயரமான பக்கச்சுவர் பனிக்கடியில் மறைந்திருக்கும் குழியில் ரிம்மைக் காப்பாற்றும், விலையும் குறைவு. எந்த அளவெல்லாம் அனுமதி என்பது மேனுவலில் இருக்கும், எடைக் குறியீட்டில் (டயர் தாங்கக்கூடிய எடையைக் காட்டும் எண்) மட்டும் சமரசம் கூடாது. ரிம்மோடு சேர்த்து இன்னொரு செட்டாக வாங்கினால் பிரஷர் சென்சாரும் அதில் இருக்கட்டும்.

கேள்வி: காலையில் வண்டி எடுத்தால் டயர் பிரஷர் விளக்கு எரிகிறது, கொஞ்ச தூரம் போனால் அணைந்துவிடுகிறது. பஞ்சரா?

பதில்: அநேகமாக இல்லை. வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் காற்றழுத்தம் சுமார் 2 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு) குறையும். 20 டிகிரியில் காற்று பிடித்தது மைனஸ் 5-ல் நாலு பிஎஸ்ஐக்கு மேல் இறங்கியிருக்கும். ஓடும்போது கொஞ்சம் சூடாகி ஏறுவதால் விளக்கு அணைகிறது, ஆனால் காற்று குறைவாகத்தான் இருக்கிறது. வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது, கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்று பிடியுங்கள். ஒரே ஒரு டயரில் மட்டும் திரும்பத் திரும்பக் குறைந்தால் அது பஞ்சர்தான், காட்டுங்கள்.

கேள்வி: சட்டப்படி விண்டர் டயர் கட்டாயமா?

பதில்: இடத்தைப் பொறுத்தது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். ஜெர்மனியில் தேதி கிடையாது, ரோட்டில் பனியோ ஐஸோ இருந்தால் கட்டாயம், 2024 அக்டோபர் முதல் அங்கே மலை முத்திரை உள்ள டயரைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். சுவீடனில் டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, குளிர்காலச் சாலை நிலை இருக்கும்போது. பல இடங்களில் சட்டமே இல்லை. சட்டம் இல்லாத இடத்திலும் விபத்து என்று வந்தால் எந்த டயர் போட்டிருந்தீர்கள் என்ற கேள்வி வரலாம், உங்கள் காப்பீட்டுப் பத்திரத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். பட்டன் ஆழத்துக்கு 1.6 மிமீ என்பது பல நாடுகளில் பொதுவான சட்ட வரம்பு, பனிக்கு அது போதவே போதாது, 4 மிமீக்குக் கீழே போன விண்டர் டயரை மாற்றிவிடுவது நல்லது.

கேள்வி: கழற்றிய சம்மர் டயரை எப்படி வைப்பது, மறுபடி எப்போது போடுவது?

பதில்: பட்டனில் சிக்கிய கற்களை எடுத்து, கழுவி, நன்றாகக் காய வைத்து, எந்தச் சக்கரத்திலிருந்து கழற்றியது என்று சாக்பீஸால் எழுதிவிடுங்கள். வெயில் படாத, உலர்ந்த இடம் வேண்டும். ஹீட்டர் பக்கத்தில் வேண்டாம், பெட்ரோல், ஆயில் படும் இடத்தில் வேண்டாம், எலக்ட்ரிக் மோட்டார் ஓடும் இடத்திலும் வேண்டாம், அதிலிருந்து வரும் ஓசோன் வாயு ரப்பரில் விரிசல் விட வைக்கும். ரிம்மோடு இருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம், ரிம் இல்லாவிட்டால் நிற்க வைத்து அவ்வப்போது கொஞ்சம் உருட்டிவிடுங்கள்.

மறுபடி போடுவதற்கு முதல் வெயில் நாளைப் பார்த்து அவசரப்படாதீர்கள். காலை நேர வெப்பமும் தொடர்ந்து 7 டிகிரிக்கு மேல் நிற்கிற வாரம் வரட்டும். ஆனால் விண்டர் டயரைக் கோடை முழுக்க ஓட்டவும் வேண்டாம், சூட்டில் அந்த மென்மையான ரப்பர் வேகமாகத் தேயும், பிரேக் தூரமும் கூடும். மாட்டும் முன் பட்டன் பள்ளங்களின் அடியையும் பக்கச்சுவரையும் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள், மயிரிழை விரிசல் தெரிந்தால் டயர்காரரிடம் காட்டாமல் மாட்டாதீர்கள். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் அப்போதே பார்த்துவிடலாம், 3523 என்றிருந்தால் 2023-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது.